சொந்தத் தொழில்

கல்லூரியின் கடைசி வருடத்தில் திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில் இன்டர்ன்ஷிப் செய்தேன். தினமும் களியக்காவிளை வழியாகப் பஸ்ஸில் போய் வந்தேன். கொடுத்ததே கொஞ்சம் ஸ்டைபண்ட். அதிலும் மாதாமாதம் பத்தில் ஒரு பங்கை வரி என்று பிடித்தார்கள். கடைசி செமஸ்டர் ஃபீஸுக்கு அந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தேன். கேட்டபோது, வருமானவரிக் கணக்குக் கொடுத்தால் திரும்பக் கிடைக்கும், ஆடிட்டரைப் போய்ப் பார் என்றார்கள்.

கோட்டாற்றில் இருந்த ஆடிட்டர் ஆபீசுக்கு அப்பாவும் கூட வந்தார். அவர் கடலுக்குப் போகிறவர். ஆடிட்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "பாப்பா தொழில் பண்ணுதுன்னுதான் இதுல இருக்கு," என்றார்.

எங்கள் கடற்கரையில் தொழில் என்றால் மீன்பிடிப்பதுதான். வேறு அர்த்தம் கிடையாது. அப்பா சிரித்துவிட்டார்.

"தொழிலா? சாரே, இவளுக்கு வள்ளத்துல ஏறுனாலே வாந்தி வரும்."

"அந்தத் தொழில் இல்ல அண்ணாச்சி. டாக்டர், வக்கீல் மாதிரி சொந்தத் தொழில். சம்பளம்னு குடுத்திருந்தா இந்தக் காசுக்கு வரியே கிடையாது. தொழில்காரிக்குக் குடுத்த கட்டணம்னு காட்டியிருக்கான். அதான் பிடிச்சிருக்கான்."

"சொந்தத் தொழிலுன்னா எப்பப் போணும், எப்பப் போவாண்டாம்னு தொழில்காரன்லா முடிவு பண்ணணும்? கடல் சரியில்லேன்னா நான் போவமாட்டேன். எவன் கேப்பான்? இவ அப்படியா?"

பதில் எனக்குத் தெரியும். காலையில் மெஷினில் விரல் வைக்கக் கொஞ்சம் பிந்தினால் அரைநாள் பணம் போய்விடும். அப்பாவின் கை வலைக்கயிற்றில் மாட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சில நாள் நான் வேலைக்குப் போகவில்லை. அதற்கும் பிடித்தார்கள். அப்போதெல்லாம் யாரும் என்னை வக்கீல் என்று சொல்லவில்லை.

"அப்ப இது தப்புன்னு எழுதிப் போடும் சாரே," என்றார் அப்பா.

"அதைக் கம்பெனிக்காரங்கதான் திருத்தணும். திருத்தமாட்டாங்க. பாப்பாவுக்கு ஃபீஸ் கட்டணும்லா? சொந்தத் தொழில்னே குடுத்தா முழுசும் திரும்ப வந்திரும்."

சரி என்றேன். என் பணத்தை நான் வாங்கப் பொய் சொல்ல வேண்டியிருந்தது. தொழிலின் பெயர் கேட்ட இடத்தில் ஆடிட்டர் என் பெயரையே போட்டார்.

"நம்ம வள்ளத்துக்கும் அந்தப் பேருதான்," என்றார் அப்பா. "அதையும் சேத்துப் போட்டிராதயும்."

ஃபீஸ் கட்டக் கடைசித் தேதிக்கு முன்பே பணம் வந்துவிட்டது. எனக்கு ஆத்திரம் தீரவில்லை. வரிக்குக் கொடுத்த கணக்கையும் இணைத்து, நான் சொந்தத் தொழில்காரி என்றால் லீவுக்கு எப்படிப் பிடித்தீர்கள், அதைத் திருப்பிக் கொடுங்கள் என்று கம்பெனிக்கு மெயில் அனுப்பினேன்.

பதில் வந்தது. நீங்கள் எங்கள் ஊழியர் அல்ல, சொந்தத் தொழில் செய்பவர் என்று நீங்களே கணக்குக் கொடுத்திருக்கிறீர்கள், வேலை செய்யாத நாளுக்குக் கட்டணம் கிடையாது என்று எழுதியிருந்தார்கள்.

அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். தழும்பேறிய கையைத் தேய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நம்ம வாயாலயே சொல்ல வச்சிட்டாம்லா மக்களே," என்றார்.