ரோகிணியும் ஒரு கிண்ணம் நல்லெண்ணெயும்

என் தங்கைக்குப் பெண் பிறந்த அன்று நட்சத்திரம் ரோகிணி. ரோகிணியில் பிறந்த பிள்ளை தாய்மாமனுக்கு ஆகாது என்பார்கள். மாமன் முதலில் கிண்ணத்து நல்லெண்ணெயில் பிள்ளையின் நிழலைப் பார்த்துவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் நேரில் முகம் பார்க்கலாம். மாமன் என்று இருந்தது நான் ஒருவன்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ராஜபாளையத்தில் ஹைஸ்கூல் பையன்களுக்கு சயன்ஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எண்ணெயில் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

சொல்லிவிட்டேனே தவிர, இருப்புக் கொள்ளவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போவேன். பெல் சத்தம் கேட்டதுமே அம்மா தொட்டிலைச் சேலையால் மூடிவிடுவாள். அழுகை மட்டும் கேட்கும். காபியைக் குடித்துவிட்டு வந்த வழியே திரும்புவேன். மறுநாளும் அதே கதைதான்.

அப்போது எனக்கு நட்சத்திரப் பைத்தியம். சென்னையில் கூடப் படித்தவன் பழைய வானியல் சஞ்சிகைகளைத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தான். ரோகிணி என்று நாம் காட்டும் வண்டி வடிவக் கூட்டத்தில் மஞ்சளாகச் சில ராட்சத நட்சத்திரங்கள் உண்டு. அவற்றின் ஒளியைப் பிரித்துப் பார்த்தால் இரும்பு, கால்சியம், சோடியம் என்று நம் சூரியனில் உள்ளவையே கோடு கோடாகத் தெரிகின்றன. பெரும்பகுதி ஹைட்ரஜன்தான் என்றும் புதிதாகச் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். கண்ணைப் பறிக்கும் அந்தச் சிவப்பு நட்சத்திரமோ கூட்டத்தைச் சேர்ந்ததே அல்ல, நம் பார்வைக்குக் குறுக்கே நிற்கிறது, அவ்வளவுதான். இதைப் படித்த பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. தங்கைக்கு எடுத்துச் சொன்னால் புரியாமலா போகும்?

ஒரு சாயங்காலம் பள்ளியின் ஸ்பிரிட் விளக்கைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். தங்கை முன்னால் அதை ஏற்றி, ஒரு சிட்டிகை உப்பைத் தூவினேன். சுடர் மஞ்சளாக எரிந்தது.

"இந்த உப்புல இருக்க சோடியந்தான் ரோகிணியிலயும் இருக்கு. இரும்பும் இருக்கு. அது ஒருத்தன என்னட்டி செஞ்சிரும்?"

அவள் சிரித்தாள். "இரும்பு தலையில விழுந்தா சாக மாட்டாகளாண்ணே?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "படிச்சவன் நான் சொல்லுதேன். ஒனக்குப் பஞ்சாங்கம் பெருசாப் போச்சோ?" என்று கத்தினேன். தொட்டிலுக்குள் குழந்தை வீறிட்டது.

தங்கை சேலையை விலக்காமலே தொட்டிலை ஆட்டினாள். "நட்சத்திரத்துல என்ன இருக்குன்னு நான் கேக்கலண்ணே. நானும் ரோகிணிதான். நம்ம மாமாவும் எண்ணெயில பாக்க மாட்டேன்னுதான் சொன்னாக. நான் நடக்கப் பழகுமுன்ன வாந்திபேதியில போயிட்டாக. அதுக்குப் பொறவு இந்தத் தெருவுல என்னைய என்ன சொன்னாகன்னு ஒனக்குத் தெரியும். நீ நூறு வருசம் நல்லாயிருப்பே. ஆனா நாளைக்கு ஒனக்கு ஒரு காய்ச்சல் வந்தாக்கூட இவளத்தான சொல்லுவாக?"

மாமனை முழுங்கினவள். அவளுக்கு வரன் வந்த போதெல்லாம் அந்தச் சொல்லும் கூடவே வந்தது. விளக்கை மூடியால் அணைத்தேன்.

"நாளைக்கு எண்ணெயில பாக்கேன் தாயி."

"நாளைக்கு வேண்டாம். செத்த நேரம் இரு" என்றவள், அம்மாவை அனுப்பித் தெருப் பெண்களை அழைத்துவரச் சொன்னாள்.

வீடு நிறைந்துவிட்டது. அம்மா கிண்ணத்தில் நல்லெண்ணெயை ஊற்றி என் முன்னால் வைத்தாள். தங்கை குழந்தையை எடுத்துவந்து என் தோளுக்குப் பின்னால் பிடித்தாள். எண்ணெயில் ஒரு சின்ன முகம் ஆடியது, பிறகு நிலைத்தது. மூக்கு எங்கள் மூக்கு. ஆசை தாங்காமல் திரும்பி நேரிலும் பார்த்தேன். கொட்டாவி விட்டாள் மருமகள். தங்கையிடம் ஏதோ சொல்ல நிமிர்ந்தேன். அவள் என்னையும் பார்க்கவில்லை, குழந்தையையும் பார்க்கவில்லை. வந்திருந்த பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் பாத்துக்கிட்டீகளா?" என்று கேட்டாள்.