இடது பக்கம் பேஸ் இல்லை

கடையில் அவளுக்குப் பேஸ் அக்கா என்று பெயர். அதற்கு முன்னால் வேறு ஒரு பெயர் இருந்தது, சம்பளப் பட்டியலில் இன்னமும் இருக்கிறது. ஆனால் முதலாளியே அவசரத்துக்கு "பேஸ் அக்காவைக் கூப்பிடு" என்றுதான் சொல்வார், அவர் அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர் என்றாலும்.

மூன்று மாடிக் கட்டடத்தில் இரண்டாவது மாடி. செல்போன் உறைகளுக்கும் சார்ஜர் வயர்களுக்கும் நடுவில், காதுக்குள் செருகிக்கொள்ளும் இயர்போன்களுக்கென்று ஆறடி நீளக் கண்ணாடி கவுண்டர். பில் போட வந்தவள், அந்த கவுண்டரில் இருந்தவர் வேலையை விட்டுப் போனதும் ஒரு வாரத்துக்கென்று அங்கே நின்றாள். பதினோரு வருஷம் ஓடிவிட்டது. பாட்டின் அடியில் கனமாக அதிர்கிற, பேஸ் என்னும் அந்தத் தாழ்ந்த ஒலிக்காகவே உயிரை விடுகிற கூட்டம் ஒன்று ஊரில் உண்டு. டிரம் வாசிப்பவர்கள், ஜிம்முக்குப் போகிறவர்கள், நாளெல்லாம் கத்துகிற மெஷின் பக்கத்தில் நிற்பவர்கள். அவர்கள் படியேறி நேராக அவளிடம்தான் வருவார்கள்.

அவள் கணக்கில் பேஸ் மூன்று வகை. குத்துற பேஸ், உருளுற பேஸ், முழுங்குற பேஸ். குத்துவது டக்கென்று வந்து டக்கென்று போகும். தாளம் பிரியமானவர்களுக்கு அது. உருளுவது பக்கத்துத் தெருவில் லாரி போவதுபோல் காதை விட்டு நெஞ்சுக்கு இறங்கும். முழுங்குவது பாடுகிறவரின் குரலையே சாப்பிட்டுவிடும்; முதல் நாள் மயக்கும், மூன்றாம் நாள் தலைவலி கொடுக்கும். எது வேண்டும் என்று கேட்டுவிட்டு, இரண்டு மூன்றை எடுத்து, ஒரே பாட்டை ஒரே அளவு சத்தத்தில் மாற்றி மாற்றிக் கேட்பாள். அதற்கும் முன்னால் நுனியில் உள்ள ரப்பரைச் சரிபார்ப்பாள்.

"ரப்பர் காதுல சரியா உக்காரலன்னா, எவ்வளவு பெரிய கம்பெனியா இருந்தாலும் தகர டப்பாதான்" என்பாள்.

அந்தத் திங்கட்கிழமை புதிய மாடல் ஒன்று வந்திறங்கியது. நாற்பது பீஸ், ஒரே பெட்டி. சின்னக் கம்பெனிதான், ஆனால் உருளுகிற பேஸ் என்று ஊரெல்லாம் பேச்சு. ஒரு மாதமாக ஆட்கள் வந்து "வந்துடுச்சா, வந்துடுச்சா" என்று நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். முதல் பீஸைப் பிரித்துக் காதில் வைத்தாள். வலது பக்கம் அருமையாக உருண்டது. இடது பக்கத்தில் உயிரே இல்லை. குரல் கேட்கிறது, ஜால்ரா மாதிரி மேல் சத்தமெல்லாம் கேட்கிறது. அடியில் இருக்க வேண்டியது மட்டும் இல்லை. ரப்பரைப் பெரிதாக மாற்றினாள், சிறிதாக மாற்றினாள். இரண்டாவது பீஸ், மூன்றாவது, ஏழாவது. எல்லாம் ஒரே கதை.

"சார், மொத்தமும் கோளாறு. இடது பக்கம் பேஸ் இல்ல."

முதலாளி வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தார். "எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதாம்மா கேக்குது. ஆனா என் காதை யாரு நம்புறது? நீ சொன்னா சரி."

பில் போடுகிற பெண்ணும் கேட்டாள். அவளுக்கும் இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. அக்காவே சொல்லிவிட்டாள், நாம் என்ன சொல்ல என்று வாயை மூடிக்கொண்டாள்.

புதன்கிழமை சப்ளைக்காரர் வந்தார். வழுக்கைத் தலை, எப்போதும் வேர்த்துக்கொண்டே இருப்பவர். "எங்க இடத்துல ஒவ்வொரு பீஸையும் காதுல வெச்சுப் பாத்துதான் பேக் பண்றோம்மா" என்று கெஞ்சினார்.

"அப்போ பாக்கறவங்க ஒழுங்காப் பாக்கலைன்னு அர்த்தம். என் காது பொய் சொல்லாதுங்க" என்றாள். அவர் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

அந்த மூன்று நாளும் வந்தவர்கள் புதிய மாடலைத்தான் கேட்டார்கள்; வேறு எதையும் அவள் காதில் வைக்க நேரவில்லை. மறுநாள் மதியம், வாடிக்கையாக வரும் டிரம்காரர் ஒருவர் வந்து இரண்டு மாடல்களை ஒப்பிட்டுச் சொல்லச் சொன்னார். இரண்டும் கடையில் நாலு வருஷமாக விற்பவை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். இருந்தாலும் வழக்கப்படி ஒன்றைக் காதில் வைத்தாள். இடது பக்கம் பேஸ் இல்லை. அடுத்ததை வைத்தாள். அதிலும் இல்லை.

பாட்டை நிறுத்தாமலே, இடது காதிலிருந்ததைக் கழற்றி வலது காதில் செருகினாள். லாரி உருண்டது. வலது காதிலிருந்ததை இடது காதுக்கு மாற்றினாள். தகர டப்பா. பதினோரு வருஷத்தில் ஆயிரம் தடவை ரப்பரைச் சந்தேகப்பட்டிருக்கிறாள், வயரைச் சந்தேகப்பட்டிருக்கிறாள், கம்பெனியைச் சந்தேகப்பட்டிருக்கிறாள். காதைச் சந்தேகப்பட ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை.

"என்னக்கா, எது நல்லாருக்கு?"

"இது குத்தும், அது உருளும். உங்களுக்குக் குத்துறதுதான்" என்று ஞாபகத்திலிருந்து சொன்னாள். அவர் சந்தோஷமாக வாங்கிப் போனார்.

யாரிடமும் சொல்லவில்லை. அழுக்கு அடைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு காற்றை அழுத்திப் பார்த்தாள். காதுக்குள் யாரோ பஞ்சை வைத்து அடைத்ததுபோல் இருந்தது. அதற்கும் பின்னால் எங்கோ ஓர் இரைச்சல், அடைக்காத குழாய்போல. கடையில் இருக்கும்போது எல்லாரையும் தன் வலது பக்கத்துக்கு வரும்படி நின்றாள். அப்பாவின் முகம் அடிக்கடி கண்ணில் வந்தது. தகடு அடிக்கும் பட்டறையில் வேலை பார்த்தவர். நாற்பத்தெட்டு வயதில் அவருக்குக் காது போயிற்று. வீட்டில் எல்லாரும் சிரித்தால் அவரும் சிரிப்பார், அரை நிமிஷம் தள்ளி. சிரிக்கக் கூடாத இடத்திலும் ஒருமுறை சிரித்துவிட்டார். சித்தப்பா அவரோடு பேசுவதையே விட்டார். அவளுக்கு இப்போது வயது நாற்பத்தொன்று.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கட்டிலில் சாய்ந்தாள். கீழே தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வலது பக்கம் சரிந்து படுத்ததும் மோட்டார் நின்றது. இடது பக்கம் திரும்பினாள், மோட்டார் ஓடியது. மறுபடி வலது பக்கம், நின்றது. நாலாவது தடவை புரண்டபோது வாசற்படியில் புருஷன் நிற்பதைப் பார்த்தாள். லிப்ட் ரிப்பேர் பார்ப்பவர். எதையும் இரண்டு தடவை பார்க்காமல் வாயைத் திறக்க மாட்டார்.

"நாலு நாளா நானும் பாக்கறேன். நான் இடது பக்கம் நின்னு பேசினா தலையைத் திருப்பித் திருப்பிக் கேக்கற. இப்போ கட்டில்ல உருண்டுட்டு இருக்க. என்ன விஷயம்?"

"ஒண்ணும் இல்லைங்க."

"ஒண்ணும் இல்லாததுக்கா கண்ணு கலங்கியிருக்கு?"

அவ்வளவுதான், உடைந்துபோனாள். காது, நாற்பது பீஸ், அப்பா, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டியது. அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து முழுவதும் கேட்டார். "நாளைக்குக் காலைல முதல் ஆளா போறோம். நான் லீவு சொல்லிடறேன்" என்றார்.

காது டாக்டர் உள்ளே விளக்கடித்துப் பார்த்தார். அழுக்கு இல்லை. அதைக் கேட்டதும் அவளுக்கு இன்னும் பயமாகிவிட்டது. அழுக்கு இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினாள். ஒரு முள்கரண்டிபோன்ற இரும்பைத் தட்டி நெற்றியில் வைத்து, சத்தம் எந்தப் பக்கம் கேட்கிறது என்று கேட்டார். வலது பக்கம் என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டுக் காது பரிசோதனைக்கு அனுப்பினார்.

அது கெட்டியான கதவு வைத்த சின்ன அறை. காதில் பெரிய ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, "எவ்வளவு மெல்லிசா கேட்டாலும் அழுத்துங்க" என்றாள் பரிசோதனை செய்கிற பெண். வலது காது சுலபமாகப் போயிற்று. இடது காது வந்தது. கீச்சுச் சத்தங்கள் கேட்டன. சத்தம் தாழத் தாழ, மௌனம். ஒரு சத்தத்துக்கும் அடுத்த சத்தத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்று அதற்குள் அவளுக்குப் பிடிபட்டிருந்தது. இப்போது வந்திருக்கும் என்று தோன்றிய இடத்தில் அழுத்தினாள். இன்னொரு தடவை அழுத்தினாள்.

கதவு திறந்தது. "அம்மா, நான் இப்போ சத்தமே குடுக்கலையே" என்றாள் அந்தப் பெண், கோபமில்லாமல்.

கையும் களவுமாகப் பிடிபட்டவள் தலையைக் குனிந்துகொண்டாள். "மன்னிச்சுக்கம்மா. பயத்துல அழுத்திட்டேன்."

"நிறையப் பேர் பண்ணுவாங்க. மறுபடியும் முதல்லேருந்து போலாம். கேக்கலன்னா சும்மா இருங்க, அதுவும் பதில்தான்."

டாக்டர் வரைபடத்தைக் காட்டினார். வலது காதின் கோடு மேலேயே நேராகப் போனது. இடது காதின் கோடு பள்ளத்தில் தொடங்கி, நடுவில்தான் மேலே ஏறி வந்தது. "உள்காதுல பிரச்சினை. தாழ்ந்த சத்தம் மட்டும் போயிருக்கு. எப்பலேருந்து?"

"எட்டு நாளா."

"காது திடீர்னு மந்தமானா அன்னைக்கே வரணும்மா. இன்னும் ரெண்டு வாரம் தாண்டலை, அந்த மட்டுக்கும் நல்லது. பத்து நாள் மாத்திரை எழுதறேன். உப்பைக் குறைங்க. இயர்போன் பக்கமே போகாதீங்க."

"திரும்பி வருமா டாக்டர்?" கேட்டவர் புருஷன்.

"இந்த மாதிரி வர்றதுல பெரும்பாலும் திரும்பிடும். கியாரண்டி கார்டு குடுக்க நான் கடைக்காரன் இல்லையே."

மருந்துக் கடையில் வரிசையில் நிற்கும்போது அவள் மனம் வேறொரு இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பெட்டி. ஒரு குறையுமில்லாத நாற்பது பீஸ். நேராகக் கடைக்குப் போய் முதலாளியிடம் சொன்னாள். கவுண்டரை விட்டுப் போகச் சொன்னாலும் சொல்லட்டும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டுதான் சொன்னாள்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி துடைத்தார். "அப்போ எனக்கு ஒழுங்காத்தான் கேட்டிருக்கு" என்றார் மெதுவாக. பிறகு, "நீ முதல்ல உடம்பைப் பாரு. பத்து நாள் கழிச்சு வா. கவுண்டர் எங்கேயும் ஓடிடாது" என்றார். அதில் ஆறுதல் எவ்வளவு, யோசனை எவ்வளவு என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை.

சப்ளைக்காரருக்கு அவளே போன் செய்தாள். அவர் நீண்ட பெருமூச்சு விட்டார். "இங்க பெரிய ரகளைம்மா. பெட்டி திரும்பி வந்ததும், காதுல வெச்சுப் பாக்கற பொண்ணை எல்லார் முன்னாடியும் வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாங்க. இப்போ அட்டைப்பெட்டி மடிக்கற இடத்துல உக்கார வெச்சிருக்காங்க."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை நாளும் தன் காதை மட்டுமே நினைத்திருந்தாள். "பாக்கறவங்க ஒழுங்காப் பாக்கல" என்று தான் சொன்னது ஒருத்தியின் தலையில் போய் விழுந்திருக்கும் என்று யோசிக்கவேயில்லை.

"அங்க மேனேஜர் யாரோ அவர்கிட்ட குடுங்க."

மேனேஜரிடம் தப்பு முழுக்கத் தன்னுடையது என்று இரண்டு தடவை சொன்னாள். வேண்டுமானால் ஆஸ்பத்திரிக் காகிதத்தைப் படம் எடுத்து அனுப்புகிறேன் என்றாள். அனுப்பவும் செய்தாள். பிறகு அந்தப் பெண்ணோடு பேச வேண்டும் என்று அடம்பிடித்தாள். அரைமணி கழித்துப் போன் வந்தது. கல்யாணமாகி ஒரு குழந்தை இருக்கும் பெண்ணாக இருக்க வேண்டும். பின்னால் குழந்தை ஒன்று சிணுங்கியது.

"நான்தாம்மா பெட்டியைத் திருப்பி அனுப்பினவ. உன் மேல தப்பே இல்ல. என் காதுதான் கெட்டுப்போயிருக்கு. உன்னை எல்லாரும் திட்டும்படி ஆயிடுச்சு."

"அக்கா, திட்டினதுகூடப் பரவாயில்ல. பேஸ் அக்காவே சொன்னாங்கன்னு சொன்னதும், நானும் அஞ்சு நாளா என் காதைத்தான் சந்தேகப்பட்டுட்டு இருந்தேன். வீட்டுல மிக்ஸி சத்தம், பைப் சத்தம், ஒவ்வொண்ணா ரெண்டு காதுலயும் வெச்சுக் கேட்டுப் பாத்துட்டேன்" என்றாள் அவள். பிறகு அவசரமாக, "உங்களுக்குச் சரியாயிடுமில்லக்கா?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா" என்றாள் இவள். அந்த ஒரு வாரத்தில் அவள் சொன்னதிலேயே சுமை குறைந்த வார்த்தை அதுதான். இரண்டு பேரும் போனில் அழுதார்கள். குழந்தையும் சேர்ந்துகொண்டதில் அழுகை சிரிப்பாக மாறியது.

பத்து நாளும் பத்து யுகம். மாத்திரை அவளைத் தூங்கவிடவில்லை. முகம் வீங்கியது, வாயெல்லாம் கசந்தது. ஆறாவது நாள் காலையில் பஞ்சு கொஞ்சம் விலகியதுபோல் இருந்தது. மறுநாள் மறுபடி அடைத்துக்கொண்டது. பெண் முகத்தைப் பார்க்கிற மாப்பிள்ளை வீட்டார்போல் புருஷன் தினமும் காலையில் அவள் முகத்தைப் பார்ப்பார், கேட்க மாட்டார். உப்பில்லாத சாப்பாட்டை அவரும் முனகாமல் தின்றார்.

இரண்டாவது பரிசோதனையில் பள்ளம் பாதிக்கு மேல் தூர்ந்திருந்தது. இந்த முறை கேட்காத இடத்தில் பட்டனிலிருந்து விரலை எடுத்தே வைத்திருந்தாள். மூன்றாவது பரிசோதனை ஒரு மாதம் கழித்து. கோடு ஏறக்குறைய நேராகிவிட்டது; ஆக அடியில், ஒரே ஓர் இடத்தில் மட்டும் கொஞ்சம் தொங்கியது.

"சந்தோஷப்பட வேண்டிய ரிப்போர்ட்" என்றார் டாக்டர். "ஆனா இது சில பேருக்கு மறுபடி எட்டிப் பாக்கும். வந்தா அன்னைக்கே ஓடி வாங்க."

நாற்பது பீஸும் கடைக்குத் திரும்பி வந்திருந்தன. இரண்டே வாரத்தில் தீர்ந்தும் போயின. கவுண்டரில் அவளேதான். டாக்டர் சொன்னபடி சத்தத்தைப் பாதிக்குமேல் ஏற்றுவதில்லை. எதையும் இப்போது இரண்டு காதிலும் மாற்றிப் போட்டுக் கேட்கிறாள். சந்தேகம் வந்தால் பில் போடுகிற பெண்ணைக் கூப்பிட்டு, "வாயைத் திறந்து சொல்லு, எனக்காகச் சொல்லாதே" என்கிறாள். அட்டைப்பெட்டி மடிக்க உட்கார வைத்த அந்தப் பெண், இயர்போனைக் காதில் வைத்துப் பார்க்கிற பழைய இடத்துக்கே போய்விட்டாள். புதிய மாடல் வந்தால் முதலில் போன் செய்து, "அக்கா, எனக்கு இப்படிக் கேக்குது, உங்களுக்கு எப்படி?" என்பாள்.

மூன்றாவது பரிசோதனை முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் ஓரத்தில் அவள், அவளுக்கு இடது பக்கத்தில் புருஷன். பாலத்தின்மேல் பஸ் ஏறும்போது அவர் ஏதோ சொன்னார்.

"என்ன?" என்றாள்.

அவர் முகம் வெளுத்தது. "கேக்கலையா?"

"பஸ் சத்தம்ங்க."

"நிஜமா?"

"நிஜமா."

அவர் நம்பாமல் அவளையே பார்த்துக்கொண்டு வந்தார். பஸ் பாலத்தை விட்டு இறங்கியதும், அதையே மறுபடி, அதைவிட மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். சாயந்திரம் குழாய்க்கு வாஷர் வாங்க வேண்டும் என்பதுதான் அது. கேட்டது. கேட்டுவிட்டது என்று தலையாட்டிய பிறகும், தன் காதில் விழுந்தது எத்தனை பங்கு, அவர் உதடு அசைந்ததைப் பார்த்துப் புரிந்துகொண்டது எத்தனை பங்கு என்று வீடு வந்து சேரும்வரை அவள் யோசித்துக்கொண்டே வந்தாள்.