கருவாட்டுக்காரி வாயில் வந்த பதில்

காட்டூர் தாண்டித் திருப்பாலைவனம் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். எத்தனையோ வேலைகளைச் சொல்லாமல் கொள்ளாமல் விட்டு வந்திருக்கிறேன். அன்று மட்டும் கால் கனத்தது.

விட்டு வந்தது ஒரு சின்ன ரசாயனக் கூடம். பெருக்கித் துடைப்பது என் வேலை. அங்கே சுகந்தி மேடம் நட்சத்திர வடிவ மூலக்கூறு செய்ய முயன்றுகொண்டிருந்தார். நடுவில் பென்சீன் வளையம், அதைச் சுற்றி மூன்று கைகள். கைகளுக்கான சரக்கை இரண்டு மாதம் பாடுபட்டுத் தயாரித்திருந்தார். அதில் கொஞ்சம் எடுத்து, குடுவையில் மெக்னீசியச் சீவலோடு சேர்த்தால் அது கொதித்து எழ வேண்டும். பிறகுதான் வளையத்தில் பிடிக்கும். மூன்று நாளாக அசையவே இல்லை.

"சரக்கு கெட்டுப்போச்சு. சாயங்காலம் கொட்டிட்டு நீயும் கிளம்பும்மா" என்றார் முதலாளி மேடத்திடம்.

தன் சாப்பாட்டில் பாதியை எனக்குத் தருகிற மனுஷி மேடம். அழுவதைப் பார்க்க முடியாமல் கிளம்பிவிட்டேன். வழியெல்லாம் எங்கள் ஏரிக்கரை அம்மனை, "கன்னியம்மா, அவங்க வேலை போகக் கூடாது. காரணத்தைக் காட்டு" என்று வேண்டினேன்.

பஸ் நிறுத்தத்து அடிபம்பில் முகம் கழுவிக் கையை உதறினேன். பக்கத்தில் கூடையோடு இருந்த அம்மாள் பாய்ந்தாள்.

"த்தூ! கண்ணு இன்னா பொடனிலயா கீது? காஞ்ச கருவாட்டு மேல தண்ணி தெளிக்கிற! ரெண்டு சொட்டு போதும், எல்லாம் பூஞ்சை பூத்துடும்!"

அப்படியே நின்றுவிட்டேன். பிறகு திரும்பி ஓடினேன்.

மேடம் கையில் புட்டியோடு கழிவு டிரம் பக்கத்தில் நின்றிருந்தார்.

"கொட்டாதீங்க மேடம்! தப்பு என்னுது. எங்க மீனவக் குப்பத்துல புது வலைய எறக்க சொல்ல ஏரித் தண்ணி தெளிப்போம். நல்லது நடக்கட்டும்னு உங்க குடுவையிலயும் தெனம் காலைல ரெண்டு சொட்டு வுட்டேன்."

அவர் புட்டியை மெல்ல மேசையில் வைத்தார்.

"ஈரம் பட்டா மெக்னீசியம் எழுந்திருக்காதுய்யா. எனக்காக வேண்டிக்கிட்டே என்னைக் கவுத்துட்டியே!" சிரித்தார். கண்ணும் கலங்கியது.

மறுநாள், காய்ந்த குடுவையில் புதுச் சீவலோடு மீதிச் சரக்கைச் சேர்த்ததும் அது தானாகவே கொதித்தது. இரண்டு நாளில் மூன்று கைகளும் வளையத்தில் பிடித்துக்கொண்டன. முதலாளி அதன்பிறகு மேடத்தைக் கிளம்பச் சொல்லவில்லை.

அம்மனை நம்புகிறவர்களே, மனம்விட்டுக் கேளுங்கள். பதில் திட்டாக வந்தாலும் நின்று கேளுங்கள். ஓடிக்கொண்டே இருந்த என்னை அவள் திருப்பி அனுப்பினாள்.

நான் திரும்பி வந்த மறுநாள் காலையிலேயே மேடம் எனக்கு வேறு வேலை கொடுத்துவிட்டார். கழுவிய குடுவைகளைச் சூட்டடுப்பில் காயவைத்து, ஆறியதும் மூடி, அவர் வரும்வரை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்வது. இன்றும் அதைத்தான் செய்கிறேன்.