கானுக்குப் பாலமான கவ்வாத்துச் சாமி

எங்கள் சவுக்குமலைத் தோட்டத்து மரியநாயகி ஒரு நாள் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தாள். கொழும்புக்கும் பதுளைக்கும் நடுவே ரயில் ஓடாமல் நின்றுவிட்டது. சரி, சரி. ரயில் ஓடத்தான் செய்தது. அன்றைக்கு வட்டவளைப் பக்கம் மண் சரிந்து தாமதமாக வந்தது, அதை எடுத்து நான் அவள் கணக்கில் சேர்த்துவிட்டேன். ஆனால் கொழும்புப் பெரிய மனிதர் ஒருவர் மழையில் சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாரே, அதில் ஓர் எழுத்துக்கூடக் கூட்டவில்லை.

மரியநாயகி பிறந்தது கினிகத்தேனைக்கு மேலே ஒரு தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில். அவள் அப்பாவும் அங்கேதான் பிறந்தார். நாற்பத்தெட்டில் சட்டம் வந்து, "நீங்கள் இந்த நாட்டுக்காரர் இல்லை" என்றது. அப்பா கேட்டார்: "அப்ப நான் எந்த நாட்டுக்காரன்?" அதற்குச் சட்டத்தில் பதில் இல்லை. அந்த மனிதர் தன் முன்னோர் விட்டு வந்த திருச்சியை ஒரு முறைகூடக் கண்ணால் பார்த்ததில்லை.

கட்டிக்கொடுத்த இடம் நோர்வூட்டுக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். மாப்பிள்ளை ஆண்டியப்பன், கவ்வாத்துக்காரர். முற்றிப்போன தேயிலைச் செடியை இடுப்புக்குக் கீழே வெட்டிவிட்டு மறுபடி துளிர்க்க வைக்கிற வேலை அது. கத்தி கொஞ்சம் சறுக்கினால் கால் போய்விடும். அவள் வேதக்காரி, அவர் சைவம். இரண்டு பக்கத்திலும் முணுமுணுத்தவர்களுக்கு அவள் சொன்ன பதில் ஒன்றுதான்: "எங்க காம்பராவுல மாதா ஒரு மூலையில, முருகன் ஒரு மூலையில. அவங்க ரெண்டு பேரும் இன்னிக்கு வரைக்கும் சண்டை போட்டதில்ல. சண்டை போடுறது நானும் அவருந்தான்."

அறுபத்திரண்டில் கொழும்பிலிருந்து ஒரு மன்றம் கிளம்பியது. பெயர் 'சர்வமத ஊர்மேம்பாட்டு மன்றம்'. தோட்டத்துக்குத் தோட்டம் கோயில்காரர் ஒருவரையும் தேவாலயத்தார் ஒருவரையும் அட்டனுக்கு அழைத்துப் பயிற்சி கொடுப்பார்களாம். திரும்பி வந்து அவர்கள் ஊரை மேம்படுத்த வேண்டுமாம், பண்பாட்டைக் காக்க வேண்டுமாம். எனக்கு அப்போதே உச்சி கொதித்தது. உங்களுக்கு ஊரே கிடையாது என்று ஒரு கையால் எழுதிவிட்டு, உங்கள் ஊரை மேம்படுத்துங்கள் என்று மறு கையால் எழுதுகிறார்கள்! லயத்துக் கூரை ஒழுகுவதற்குத் தகரம் கொடுக்க ஒருவரும் இல்லை. பயிற்சி கொடுக்க மட்டும் ஆள் வந்துவிட்டது.

கோயில் சார்பில் போனவர் செல்லசாமிக் கங்காணி. அவரே கோயில் தலைவர், அவரே பொருளாளர், சாமி வாய் திறந்து பேசாததால் சாமிக்கும் அவரே வாய். தேவாலயம் சார்பில் உபதேசியார் லோரன்ஸ் போயிருக்க வேண்டும். அவருக்குக் காய்ச்சல் என்று மரியநாயகியை அனுப்பினார்கள்.

பயிற்சி கொடுத்தவர் அம்பலவாணர். நல்ல மனிதர்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் நல்ல மனிதருக்கும் வந்தவர்களுக்கும் தேநீர் வேறு வேறாக வந்தது. அவருக்குப் பீங்கான் கோப்பையில் பொன்னிறமாக. எங்கள் ஆட்களுக்குத் தகரக் குவளையில் தூசித்தேயிலை. கொழுந்து பறித்த கைக்குத் தூசி! இதற்குப் பயிற்சியில் ஒரு பாடமும் இல்லை.

"மக்கள் எதைக் கண்டு செருப்பைக் கழற்றுகிறார்களோ, அதுதான் அந்த ஊரின் பண்பாடு. அதைக் காப்பதே உங்கள் முதல் கடமை" என்று அம்பலவாணர் சொன்னார்.

மரியநாயகி எழுந்து, "எங்களுக்குச் செருப்பே இல்லீங்களே ஐயா" என்றாள்.

மண்டபம் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, "அப்படியானால் எதைக் கண்டு தலைத்துண்டை அவிழ்க்கிறார்களோ, அது அம்மா" என்றார்.

அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஊர் திரும்பினாள். செல்லசாமி பிடித்துக்கொண்டு வந்தது வேறு: திறப்பு விழா. ஒரு வாசிகசாலை கட்ட வேண்டும், அம்பலவாணர் வந்து திறக்க வேண்டும், தன் கழுத்தில் மாலை விழ வேண்டும். கூலி பேசிக் கட்டடம் கட்டும் கொந்தராத்துக்காரர்களைக் கினிகத்தேனையிலிருந்து பிடித்து வந்து, லயத்துச் சாக்கடை ஓடும் கானுக்கு அந்தப் பக்கம் கட்டடம் எழும்பியது. கானைச் சுத்தப்படுத்துவோம் என்று மரியநாயகி கேட்டாள். "கானு விருந்தாளி கண்ணுல படாது. செவுருதான் படும்" என்றார் கங்காணி. சிரமதானம் என்று ஊரைத் திரட்டிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வைத்தார். மிச்சச் சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு பாதையோரம் நடந்தார். அங்கேதான் வினை.

பாதை திரும்புகிற இடத்தில், சவுக்கு மரத்தடியில் கவ்வாத்துச் சாமி இருந்தது. உருவம் கிடையாது, ஆள் நீளத்துக்கு ஒரு தட்டைக் கல், எண்ணெய் குடித்துக் குடித்துக் கறுத்தது. கவ்வாத்துக்கு மலையேறும் முன்பு ஆட்கள் கத்திகளை அதன் காலடியில் பரப்புவார்கள். சேவல் அறுப்பார்கள், சூடம் கொளுத்துவார்கள், ஒவ்வொருவராகத் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டுக் கத்தியை அந்தக் கல்லின் விளிம்பில் ஒரு தடவை இழுத்துக்கொண்டு போவார்கள். இழுத்து இழுத்து விளிம்பில் விரல் ஆழத்துக்குப் பள்ளம். இதைச் செய்யாமல் ஒரு செடியில் கத்தி படாது.

"கொழும்புக்காரர் இதப் பாத்தா என்ன நெனப்பாரு? காட்டுப் பயலுகன்னு நெனப்பாரு" என்று செல்லசாமி அந்தக் கல்லுக்குச் சுண்ணாம்பைப் பூசிவிட்டார்.

தோட்டத்தில் எண்ணெய் கறுத்த கல் எங்கள் கல். வெள்ளையடித்த கல் தோட்டத்தை நடத்தும் துரையின் ஜீப்புக்குப் பாதை காட்டுகிற கல். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கொந்தராத்துக்காரர்களுக்கும் அவ்வளவுதான் தெரியும். கானுக்கு மேலே போட ஒரு நீளக் கல் தேடினார்கள், பாதையோரத்தில் வெள்ளையாக ஒன்று கிடந்தது, உருட்டி வந்து சிமெந்து வைத்துப் பதித்துவிட்டார்கள். வாசிகசாலைக்குப் பாலம்.

மழை பெய்தது. சுண்ணாம்பு கரைந்தது. கவ்வாத்தின் முதல் நாள் சேவலும் கையுமாகப் போன ஆண்டியப்பன், மரத்தடியில் வெறும் குழியைப் பார்த்தார். திரும்பி வருகிற வழியில் கானுக்கு மேலே, வெள்ளை வழிந்து கறுப்பு தெரிய, விளிம்பில் பள்ளத்தோடு கிடந்தது சாமி. மேலே சேற்றுக் கால் தடங்கள்.

அவர் கல் பெயர்க்கும் அலவாங்கை எடுத்து வந்து சிமெந்தில் ஓர் இடி இடித்தார். செல்லசாமி ஓடி வந்தார்.

"அடேய் ஆண்டியப்பா! ஞாயித்துக்கெழம தொறப்பு விழா!"

"கங்காணியாரே, இது யாருன்னு தெரியுதுங்களா?"

"தெரியும். கல்லு. நான் அட்டனுக்குப் போயிப் படிச்சிட்டு வந்தவன்டா. அவங்க சொன்ன பண்பாட்டுல இது வரல."

நேரே துரையிடம் போய், தோட்டத்துச் சொத்தை உடைக்கிறான் என்று சொல்லிவிட்டார். கவ்வாத்துக்காரர்கள் ஒருவரும் கத்தி தொடவில்லை. துரைக்குச் சாமியும் தெரியாது, பாலமும் தெரியாது. மலை வெட்டாமல் நிற்பது மட்டும்தான் தெரியும். திங்கட்கிழமை கவ்வாத்து தொடங்காவிட்டால் ஆண்டியப்பனுக்குப் பத்துச்சீட்டு என்றார். பத்துச்சீட்டு என்றால் வேலை போவது மட்டும் இல்லை. காம்பராவைக் காலி செய்து சட்டி பானையோடு ரோட்டில் நிற்க வேண்டும். நாட்டுக்காரர் இல்லை என்று ஏற்கெனவே எழுதியாகிவிட்டது; தோட்டக்காரரும் இல்லை என்று எழுதினால் அந்தக் குடும்பம் எங்கே போகும்? சொல்லுங்கள், எங்கே போகும்?

வேறு யாராவது வாய் திறந்தார்களா என்று கேட்காதீர்கள். கோயில் கமிட்டி தலையைச் சொறிந்தது. உபதேசியார் லோரன்சுக்குக் காய்ச்சல் நன்றாகவே தெளிந்திருந்தது, மரியநாயகியைத் தேடி வந்தார்.

"மரியநாயகி, நீ இதுல தலையிடாத. அது விக்கிரகம். பாவம்."

"உபதேசியாரே, அயலானோட பொருளுக்கு ஆசப்படாதேன்னு நீங்கதான் படிச்சுக் குடுத்தீங்க. அயலானோட சாமிய மிதிச்சுக்கிட்டுப் போன்னு எந்தப் பக்கத்துல போட்டிருக்கு? எடுத்துக் காட்டுங்க, நான் வீட்டுக்குப் போயிடுறேன்."

அவர் புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துப் பூசை முடிந்து முக்காட்டைக்கூட எடுக்காமல் அவள் நேரே கானுக்கு வந்தாள். நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரவேற்புப் பாட்டுக்கு நிறுத்திக்கொண்டு வாசிகசாலைத் தாழ்வாரத்தில் நின்றேன். மழை. எங்களுக்கு முன்னால் ஒரே குடைக் கூட்டம். குடைகளுக்கு நடுவே அவள் தலையும் தோளும்தான் தெரிந்தன: கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள்! கிட்டே போகவிடாமல் கங்காணியின் ஆட்கள் கவ்வாத்துக்காரர்களைப் பின்னால் தள்ளி நிறுத்தியிருந்தார்கள்.

அம்பலவாணர் மாலையும் கழுத்துமாக வந்தார். செல்லசாமி அவருக்குக் குடை பிடித்தபடி முன்னால் பாய்ந்தார்.

"ஏய், எந்திரிச்சுப் போ! ஐயா வர்றாரு, கண்ணு தெரியல?"

"ஐயா வரட்டுங்க. ஐயாகிட்டத்தான் பேசணும்."

அம்பலவாணர் அவளை அடையாளம் கண்டுகொண்டார். "அட, அட்டனுக்கு வந்த அம்மா அல்லவா? என்ன விஷயம்?"

"ஐயா, சப்பாத்தக் கழட்டுங்க."

குடைக்காரர்கள் எல்லாரும் அவர் காலைப் பார்த்தார்கள்.

"ஏனம்மா?"

"நீங்கதானே சொன்னீங்க? சனங்க எதப் பாத்துத் தலத்துண்ட அவுக்குறாங்களோ, அதக் காப்பாத்தணும்னு. பின்னாடி திரும்பிப் பாருங்க."

அவர் திரும்பினார். கங்காணியின் ஆட்களுக்கு அந்தப் பக்கம், கவ்வாத்துக்காரர்கள் எல்லாரும் கொட்டுகிற மழையில் தலைத்துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்கள். முன்னால் ஆண்டியப்பன். அவர்கள் பார்த்தது அம்பலவாணரை இல்லை, கல்லை.

"இது..." என்றார்.

"இது எங்க வூட்டுக்காரரு சாமிங்க. கவ்வாத்துச் சாமி. ஒங்க விழாவுக்காக வெள்ளையடிச்சு, ஒங்க காலுக்காகப் பாலமாப் போட்டிருக்காங்க. அத எடுக்க வந்ததுக்கு அவருக்கு நாளைக்குப் பத்துச்சீட்டு. இதுவும் பயிற்சியில சொன்னீங்களா ஐயா? நான் மத்தியானம் சோத்துக்குப் போனப்ப நடத்துன பாடமோ?"

செல்லசாமி இளித்தார். "இவ வேதக்காரிங்க ஐயா. இவளுக்கும் அந்தக் கல்லுக்கும் என்ன சம்பந்தம்?"

"அத நம்பிக் கத்தி புடிக்கிற மனுசனுக்குத்தானே நான் சோறு பொங்குறேன்! அந்தக் காலு வெட்டுப்படாம வூட்டுக்கு வரணும்னு அவரு கும்புடுறாரு. நான் மாதாகிட்ட அதையேதான் கேக்குறேன். நீங்க யாருகிட்ட என்ன கேக்குறீங்க, கங்காணியாரே? மாலையா?"

அம்பலவாணர் குனிந்தார். சப்பாத்தைக் கழற்றினார், காலுறையையும் கழற்றினார். அவர் முகம் எப்படிச் சிவந்தது என்றால், அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் பாடம் படித்திருக்கலாம். இதுவும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். கழற்றியாகிவிட்டது, இனி அந்தக் கல்லை எப்படி மிதிப்பது?

"இப்போது நான் எப்படியம்மா உள்ளே வருவது?"

"வராட்டித்தான் என்னங்க? உள்ள படிக்க ஒண்ணும் இல்ல. அலமாரி காலி."

தாழ்வாரத்தில் என் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். நான் அதட்டவில்லை.

அம்பலவாணர் கைகாட்ட, ஆண்டியப்பனும் கூட்டாளிகளும் அலவாங்கோடு வந்தார்கள். சிமெந்து உடைந்தது. கல்லைக் கழுவித் தோளில் தூக்கிச் சவுக்கு மரத்தடிக்கே கொண்டுபோனார்கள். சாரம் கட்டிய பலகையைக் கானுக்குக் குறுக்கே போட்டு விருந்தாளி உள்ளே போனார்; சப்பாத்துப் போடாமலேயே ரிப்பன் வெட்டினார். கிளம்பும் முன்பு துரை பங்களாவுக்கு ஏறிப் போய்ப் பேசினார், அதை மறைக்கக் கூடாது. திங்கட்கிழமை விடிந்ததும் சேவல் அறுத்தார்கள். மலை வெட்டத் தொடங்கியாயிற்று. பத்துச்சீட்டு வரவில்லை.

ஆனால் என் கோபம் அதோடு தீரவில்லை. அடுத்த வருஷம் மன்றத்தார் மறுபடி பயிற்சி வைத்தார்கள். எங்கள் பயிற்சியால் ஒரு தோட்டத்தில் ஒரு பெண் பண்பாட்டைக் காத்தாள் என்று மேடையில் பேசினார்களாம். அந்தப் பெண்ணுக்குப் பெயர் இல்லையா? அவளைக் கூப்பிடவும் இல்லை. கூப்பிட்டது செல்லசாமியை! வாசிகசாலைக்குப் பூட்டு; சாவி அவர் மடியில். மரியநாயகி இன்றைக்கும் கொழுந்துக்குப் போகிறாள், தூசித்தேயிலைதான் குடிக்கிறாள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் அவளைக் கண்டால் கவ்வாத்துக்காரர்கள் தலைத்துண்டை அவிழ்க்கிறார்கள், "போங்கடா, நான் என்ன கல்லா?" என்று விரட்டுகிறாள்.

இவ்வளவையும் எழுதி அவளுக்கே வாசித்துக் காட்டினேன். வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், முறத்தைக் கீழே வைத்தாள்.

"டீச்சரம்மா, ரயில நிப்பாட்டுங்க, அந்த ஐயா மூஞ்சியில வெளக்குப் போடுங்க, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா கல்லு மேல நான் எங்கங்க உக்காந்தேன்? சாமி மேல யாராச்சும் உக்காருவாங்களா? அப்புறம் கங்காணிக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? நான் கானுக்குள்ள எறங்கி நின்னேன். இடுப்பளவுக்கு லயத்துச் சாக்கடத் தண்ணி. ரெண்டு கையாலயும் சாமியக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நின்னேன். ஒங்களுக்குக் கொட மறைச்சிருச்சு. அத மாத்தி எழுதுங்க. அந்தக் கான இன்னிக்கு வரைக்கும் ஒருத்தனும் துப்பரவு பண்ணலன்னு அதையும் சேத்து எழுதுங்க."