முப்பத்தாறாவது தாள்

ஜைரோபிளேன் என்றால் என்ன என்று மாமியார் கேட்டபோது, "ஹெலிகாப்டருக்குத் தங்கச்சி, அத்தை. ரெண்டு பேர்தான் உக்காரலாம்" என்றாள் கணக்கக்கா. அதற்கு மேல் அவளுக்கும் தெரியாது. ஆனால் அதன் உடம்பை எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டால் நாள் முழுக்கச் சொல்வாள்.

கணக்கக்கா என்பது அந்த ஜைரோபிளேன் தொழிற்சாலையில் விழுந்த பெயர். அதற்கு முன் பதினோரு வருடம் ஆயத்த ஆடைக் கம்பெனியில் தைத்தவள். அங்கே ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் பொறுக்கி ஒரு தாளில் ஒட்டிக் காட்ட வேண்டும். முனை கிடைக்காதவரை அடுத்த சட்டை நகராது. குழந்தைச் சட்டைக்குள் ஊசிமுனை போய்விட்டால் யார் பதில் சொல்வது? அந்தப் பழக்கம் கையோடு வந்துவிட்டது.

இங்கே வேலை கார்பன் துணி அடுக்குவது. பிசின் ஊறிய கறுப்புத் துணி குளிர்பெட்டியிலிருந்து வரும். ஒவ்வொரு துண்டிலும் வெங்காயச் சருகு போல நிறமில்லாத ஒரு தாள் ஒட்டியிருக்கும். அதை உரித்துவிட்டுத்தான் அடுத்த துண்டை வைக்க வேண்டும். உரிக்க மறந்தால் துணியும் துணியும் ஒட்டாது. வெளியே பளபளக்கும், உள்ளே பிளந்து கிடக்கும். நீலத் தாளோடு வருகிற துணியும் உண்டு, மறந்தால் கண்ணில் படும். அது விலை அதிகம் என்று நிர்வாகம் இதை வாங்கியது. நிர்வாகமா பறக்கப் போகிறது?

தலைக்கு மேல் சுழலும் இறக்கையைத் தாங்கும் தூணுக்கு முப்பத்தாறு அடுக்கு. உரித்த தாள்களைக் கணக்கக்கா சுவரில் வரிசையாக ஒட்டி வைப்பாள். மற்றவர்கள் குப்பையில் போட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

மாதிரி வண்டி பறந்தது, அனுமதியும் வந்தது. இனி மாதம் நான்கு வண்டி என்று முதலாளி மேடையில் சொல்லிவிட்டார். முதல் வண்டி வெளியே போனதும் தற்காலிக ஆட்களை நிரந்தரமாக்குவதாகவும் சொன்னார். கணக்கக்கா அந்த வார்த்தையை நம்பியிருந்தாள்.

முதல் தூணை அடுக்கும் நாளில் வேலை பிந்தியது. மேற்பார்வையாளர் கையுறையை மாட்டிக்கொண்டு வந்தார். "தள்ளும்மா, நானும் ஒரு கை போடுறேன்." இருபத்தொன்றாவதிலிருந்து மூன்று அடுக்கு அவர் வைத்தார். எதிர்மேஜையிலிருந்த சோடாபுட்டி கண்ணாடிக்காரி அதைப் பார்த்தாள். பிசினை இறுக்கும் சூளைக்குத் தூண் போன பிறகு கணக்கக்கா சுவரை எண்ணினாள். முப்பத்தைந்து. குப்பைக்கூடையைக் கவிழ்த்துத் தேடினாள். இல்லை.

"சார், ஒரு தாள் குறையுது."

"செருப்புல ஒட்டிக்கிட்டுப் போயிருக்கும். நல்லா தேடு."

"செருப்பை வாசல்லயே விட்டுட்டுத்தானே சார் உள்ள வர்றோம்?"

அவர் முகம் சுண்டிப்போனது. அவள் விடவில்லை, மறுநாள் தர அதிகாரியிடம் எழுதியே கொடுத்தாள். தூணை அறுத்தார்கள். இருபத்திரண்டாம் அடுக்கில் தாள் இருந்தது.

"அது சார் வெச்சது" என்றாள். அதிகாரி முப்பத்தாறு அடுக்குக்குமான பதிவுத்தாளை நீட்டினார். "கையெழுத்து உன்னோடதுதானே?"

மேற்பார்வையாளர் சுவரைப் பார்த்தார். சோடாபுட்டி தலையே நிமிரவில்லை. அன்று மாலையே வாசலில் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள்.

"வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டியே" என்றார் கணவர். சோடாபுட்டி பிள்ளைகுட்டிக்காரி, அவளும் என்ன செய்வாள் என்று கணக்கக்கா தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். ஆனாலும் மனம் ஆறவில்லை. பழைய தையல் கம்பெனிக்கே திரும்பிப் போனாள், புதிய ஆளாக, கடைசி மெஷினில்.

நான்கு மாதம் கழித்து, தேநீர் இடைவேளையில் போன் அடித்தது. சோடாபுட்டி.

"அக்கா, உரிச்ச தாளைச் சுவத்துல ஒட்டி எண்ணணும்னு இப்ப போர்டே மாட்டியிருக்காங்க. எனக்கு முப்பத்தஞ்சுதான் வருது. தூண் இன்னும் சூளைக்குப் போகல. இந்த வாரம்தான் என்னை நிரந்தரம் பண்றாங்க. சொல்லட்டுமா அக்கா?"

தன் தலையில் மிளகாய் அரைத்துவிட்டு, தன் வழக்கத்தையே போர்டாக மாட்டியிருக்கிறார்கள்! கணக்கக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"செருப்புல ஒட்டியிருக்கும். நல்லா தேடு" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

இரண்டு சட்டைக்குக் காலர் வைத்தாள். மூன்றாவதைப் பாதியில் நிறுத்தினாள். 'அடிப்பாவி, என்ன சொல்லித் தொலைத்தாய்' என்று தன்னையே திட்டிக்கொண்டு போனை எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அங்கே அடுக்கும் அறைக்குள் போகுமுன் போனைப் பெட்டியில் பூட்டிவிட வேண்டும். மாலைவரை பதினேழு முறை அழைத்தாள்.

பதினெட்டாவது முறை சோடாபுட்டி எடுத்தாள். பின்னால் வீடு திரும்புகிறவர்களின் இரைச்சல்.

"தாள் என்னடி ஆச்சு?"



"கிடைச்சிடுச்சு அக்கா. நீங்க சொன்ன மாதிரி செருப்புலதான் ஒட்டியிருந்துச்சு. தூண் சூளைக்குப் போயிடுச்சு."

செருப்பை எங்கே விட்டிருந்தாய் என்று கணக்கக்கா கேட்கவில்லை.