கபாலியின் கையில் மாளவிகா

தெற்கு மாட வீதி முனையில் பஜ்ஜிக் கடை வைத்திருக்கும் கபாலியின் வலது முன்கையில் ‘மாளவிகா’ என்று கொட்டை எழுத்தில் பச்சை குத்தியிருந்தது. அவன் மனைவியின் பெயர் தாரணி. கல்யாணத்துக்கு முந்தைய கூத்து என்று அவன் எத்தனை தடவை சொல்லியும் அவள் விடவில்லை. பீர்க்கங்காய் நார், எலுமிச்சம்பழம், பாத்திரம் துலக்கும் பொடி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் போட்டுத் தேய்த்தாள். தோல்தான் உரிந்தது. மாளவிகா அசையவில்லை.

போன ஐப்பசியில் ஒரு மழைச் சாயங்காலம், கூட்டத்தில் யாருடைய குடையோ வாணலியின் காதில் மாட்டி இழுத்தது. கொதிக்கும் எண்ணெய் கபாலியின் முன்கையில் கொட்டியது. எதிர்க்கடை ஆனந்தகுமார் குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றி, அவனை ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். தாரணி தலைவிரிகோலமாகப் பின்னாலேயே போனாள்.

“ஆழமா வெந்திருக்கு. தொடையிலேர்ந்து தோலை மெல்லிசா சீவி இங்க ஒட்டணும்” என்றார் டாக்டர் ஸ்ரீரஞ்சனி.

“வாழக்கா சீவற மாறி சீவிட்டு, தொடைய அப்டியே உட்ருவீங்களா?”

“அது தானா மூடிக்கும் கபாலி. மேல இருக்கறது எபிதீலியம். கீழேர்ந்து புதுசு வளர வளர, மேல பழசு உதிரும். சீவின எடத்துலயும் முடி வேர்க்கால்ல இருக்கற செல்லெல்லாம் பரவி மூடிடும். வாய், குடல், மூச்சுக்குழாய் எல்லாத்துக்கும் உள்பக்கம் இந்த மாதிரி ஒரு போர்வை உண்டு. சூடா காபி குடிச்சுப் பொத்துப்போன வாய் சீக்கிரம் ஆறிடறது இல்லையா?”

தாரணி மூக்கைச் சிந்தினாள். “ஓயாம உதிருதுன்றீங்க. இந்தக் கய்த பேரு மட்டும் ஏன் டாக்டர் உதிரல?”

“மை அதுக்கும் கீழ, அடித்தோல்ல தங்கிடும்மா. மேல தேச்சா போகாது.”

“இப்ப?”

“இப்ப அடித்தோலே வெந்துடுச்சு. பேரும் போச்சு.”

தாரணியின் அழுகை சட்டென்று நின்றது. கபாலி கவனித்துவிட்டான்.

“சிரிக்கிறியாடி?”

“இல்லய்யா, அழுதுகினுதான் கீறேன்” என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஒட்டிய கையை விட, சீவிய தொடைதான் அவனுக்கு அதிகமாக எரிந்தது. அந்தத் தொடை ஆறி, ரோஜா நிறத்தில் புதுத்தோல் வந்ததும் கபாலிக்குத் தலைகால் புரியவில்லை. பார்க்க வந்தவர்களுக்கெல்லாம், பூக்காரம்மா முதல் கோயில் குருக்கள் வரை, வெட்கமில்லாமல் லுங்கியைத் தூக்கிக் காட்டினான்.

“யோவ், கையக் காட்டுயா!” என்று தாரணி கத்துவாள்.

கடையை மறுபடி திறந்தபோது அடுப்படி தாரணியுடையதாகிவிட்டது. கபாலி சட்னி ஊற்றுகிறான். ஒட்டுப்போட்ட தோல் வியர்க்காது, காய்ந்துபோகும், எண்ணெய் தடவுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாடிக்கையாளர்கள் முன்னாலேயே அவன் கையை இழுத்து வைத்து, தாரணி தேங்காய் எண்ணெய் தேய்க்கிறாள்.

“இன்னா மாமா, அன்னிக்கி கொட்ன எண்ணெ பத்தலியா?” என்றான் ஒருவன்.

“தொட்டுப் பாரு நைனா, எப்டி வழவழன்னு கீது! என் தொட அது.”

கேட்டவன் மிளகாய் பஜ்ஜியைப் பாதியில் வைத்துவிட்டான்.