வெறும் வயிறு

தம்பிக்கு மீசை முளைத்துவிட்டது. இருந்தாலும் காலையில் போன் போட்டு, "சாப்பிட்டயா?" என்று கேட்காமல் எனக்குக் கைவேலை ஓடாது. "தின்னுபோட்டேன், போனை வையிக்கா" என்று சலித்துக்கொள்வான். என்ன தின்றான் என்றும் கேட்பேன். என் பயம் அப்படி.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தொண்டாமுத்தூரில் குடியிருந்தோம். தம்பி நடை பழகியிருந்தான். ஒரு சாயங்காலம் வாந்தி பிடித்தது. பக்கத்து வீட்டு அத்தை வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "தொக்கமுங்க. தின்னது எதோ சிக்கிக்கிச்சு. காத்தால எடுத்துபோட்டாச் சரியாப் போயிரும்" என்றாள். சிக்கியதை வாயால் உறிஞ்சி எடுப்பவர்கள் எங்கள் பக்கம் உண்டு. வெறும் வயிற்றோடுதான் போக வேண்டும்.

எனக்கும் தம்பிக்கும் நடுவில் ஒரு பாப்பா இருந்தாள். அவளும் இப்படித்தான் வாந்தியெடுத்து, மறுநாள் தொக்கம் எடுக்கலாம் என்று பட்டினியாகத் தூங்கவைத்தபோது விடியலில் கண் திறக்கவில்லை. பாதி ராத்திரியில் பால் குடித்துப் பட்டினியை முறித்திருப்பாள், அதனால்தான் போய்விட்டாள் என்று ஊரார் பேசினார்கள். அதனால் இந்த முறை அம்மா தம்பிக்குத் தண்ணீர்கூடக் காட்டவில்லை. அழுது ஓய்ந்தவனைத் தூங்கிவிட்டான் என்று நினைத்தோம்.

காலையில் தொக்கம் எடுக்கும் வீட்டில் குழந்தைகள் கத்திக்கொண்டிருந்தன. தம்பி மட்டும் சமர்த்தாக அம்மா தோளில் கிடந்தான். எனக்குப் பெருமைகூட. விளையாட்டாகக் காலைக் கிள்ளினேன். இழுத்துக்கொள்ளவில்லை. கால் ஜில்லென்றிருந்தது. நான் கத்திய கத்தலில் தொக்கம் எடுக்கிறவள் ஓடிவந்து அவன் இமையைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஐயோ அம்மணி, இது தொக்கமில்லீங்க. ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க!"

கோவையில் குளுக்கோஸ் ஏற ஏறத்தான் கண் திறந்தான். ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்று டாக்டரம்மா அம்மாவை உட்காரவைத்துச் சொன்னார்.

"பட்டினி கிடந்தா நம்ம கல்லீரல் ஒடம்புக் கொழுப்பை ஒடைச்சுச் சக்தி குடுக்குமுங்க. அதை ஒடைக்கிற என்சைம் இவனுக்குப் பொறவியிலயே வேலை செய்யலை. நேரத்துக்குச் சாப்பிட்டா ஒண்ணுமில்லை. வாந்தின்னா மட்டும் வயித்தைக் காயப்போடாம ஒடனே இங்க தூக்கிட்டு வந்திருங்க."

அப்பா கும்பிட்டார். அம்மா எழவில்லை. "கூடப் பொறந்ததுக்கும் இது இருக்குமுங்களா?"

"இருக்கலாமுங்க. இந்தப் புள்ளைக்கும் பாத்துரலாம்" என்று என்னைக் காட்டினார்.

"இவளைக் கேக்கலீங்க" என்ற அம்மா, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள்.

தம்பிதான் பிழைத்துவிட்டானே, இனி எதற்கு அழுகை என்று எனக்கு எரிச்சலாக வந்தது. என் பயமெல்லாம் எனக்குப் போடப்போகிற ஊசி மேலேயே இருந்தது.